தைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய தையல்காரர் – உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

நூல்கண்டு (மதுரை)

இதை எங்காவது கொட்டிவிட வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், "இதுக்கெல்லாமா ஒருத்தருக்குத் தூக்கம் போகும்?" என்றுவிட்டார்கள்.

2022-ல் சோழர் படம் வந்தபோது பித்துப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். ஐந்து முறை பார்த்தேன். மூன்றாவது முறைக்கு மேல் கதை எங்கே போகிறது என்றே கவனிக்கவில்லை. கரை, முடிச்சு, இடுப்புக் கச்சை, அவ்வளவுதான். ஆனால் என் பழைய கிறுக்கு நாயக்கர் காலத்து உடை மேல். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் திருமலை நாயக்கர் ராணிகளோடு கைகூப்பி நிற்கும் தூண் தெரியுமல்லவா? சின்ன வயதில் அம்மா அங்கே கடை கடையாகப் பேரம் பேசும்போதெல்லாம் நான் அந்தத் தூணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அலுவலகக் குடும்ப விழாவுக்கு நானும் மனைவியும் அந்த உடையிலேயே போவது என்று முடிவெடுத்தோம். சரியாகச் சொன்னால், நான் முடிவெடுத்தேன்.

மண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்துவிட்டார்கள். கருப்பசாமிக்குச் சல்லடம், உருமா, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடை என்று சித்திரைத் திருவிழாவுக்கு வேண்டியதெல்லாம் அவர்கள் கைவேலைதான். நான் போன கடையில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் குஞ்சம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த ராணி? ஐயாவுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாப்பது வருசம் அவங்களுக்கு எதுத்தாப்புலதான் தம்பி மெஷினப் போட்டிருந்தேன்" என்றார். பிறகு துணி வெட்டும் பலகையில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தார். முன்கொசுவத்தில் எத்தனை மடிப்பு, எந்த மடிப்பு எதன் மேல் ஏறுகிறது, இடுப்புப் பட்டைக்கு அடியில் துணி எங்கே புகுந்து எங்கே வெளியே வருகிறது, எல்லாம். அப்புறம் அதன் பக்கத்திலேயே பின்பக்கம். பத்து நிமிடம் இருக்கும்.

"இது தைக்கிற துணி இல்ல, கட்டுற துணி. நான் தச்சுக் குடுத்தேன்னா சன்னலுக்குப் போட்ட திரை மாதிரி இருக்கும். வீட்டம்மாவக் கட்டிப் பழகச் சொல்லுங்க."

உள்ளங்கையால் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். கையில் போன் இருக்கிறது, ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை எனக்கு. அந்தக் கை பலகையைத் துடைத்ததுதான் ராத்திரி கண்ணை மூடினால் வருகிறது.

மஸ்லின்காரி (லண்டன்)

பாத் நகரத்தில் செப்டம்பர் தோறும் ஜேன் ஆஸ்டின் விழா நடக்கும், அதில் ரீஜென்சி உடை ஊர்வலம். அதற்காக மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு வெள்ளை மஸ்லின் கவுன் தைத்தேன். மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்தது, முழுக்கக் கைத்தையல். கழுத்துச் சுருக்கத்தை மட்டும் நான்கு முறை பிரித்தேன்.

ஊர்வலம் புறப்படும் இடத்தில் பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்து, "அழகாக இருக்கிறது! எந்தக் குடும்பத்து ஆயாவாக வந்திருக்கிறீர்கள்?" என்றார்.

கேலியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்பாகக் கேட்டார், நானும் அசடுபோலச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். திரும்பி வரும் ரயிலில்தான் வாய் திறந்தது. அம்மா, 1800 வாக்கில் உங்கள் சீமாட்டிகள் ஆசைப்பட்டு உடுத்தியதே எங்கள் பக்கத்துத் துணிதானே? நல்ல மஸ்லின் வங்காளத்திலிருந்து வந்தது, அதன் மேல் போட்ட சால்வை காஷ்மீரிலிருந்து. அதற்கும் முன்னால் நம் கரையில் சாயவேர் போட்டு எழுதிய சீட்டித் துணி மேல் இங்கே இருந்த வெறியைப் பார்த்து உள்ளூர் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, கடைசியில் 1721-ல் பூப்போட்ட பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று சட்டம் போட வைத்தார்கள். விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் சீட்டி உடைகளின் குறிப்பில் 'கோரமண்டல் கடற்கரை' என்று படிக்கும்போதெல்லாம், சோழமண்டலம் என்று திருத்தி எழுத எனக்குக் கை பரபரக்கும்.

இவ்வளவும் ரயிலில், கண்ணாடி ஜன்னலிடம். அந்தக் கவுன் அதற்குப் பிறகு பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

கல்வெட்டுப் பித்தன்

நூல்கண்டு சகோ, அந்தப் படத்து உடையைத் தலையில் தூக்கி வைக்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் உட்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொண்டுவந்த சோழர் ஓவியங்கள்தான் நமக்குச் சாட்சி. ஆடும் பெண்களைப் பாருங்கள். உடம்பெல்லாம் நகை, இடுப்பில் துணி, மேலே ஒன்றுமில்லை. திரையில் அப்படிக் காட்ட முடியாது, அது புரிகிறது. ஆனால் கச்சும் தாவணியுமாகக் காட்டிவிட்டு 'ஆராய்ச்சி செய்து வடிவமைத்தது' என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, என் அனுபவம். என் ஆயாவை (மேலே வந்த ஆயா இல்லை, எங்கள் ஆரணிப் பக்கத்தில் அம்மாவின் அம்மா) எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அறுபது வருடம் தறியில் உட்கார்ந்தவர். ஒரு சோழர் காலப் பார்வதிக்கு முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "துணியே இல்லன்னு நெனச்சியாடா? தொடையில கரை ஓடுது பாரு. எத்தினி நைசு நூலு இது!" என்று, அந்தக் கரை போகும் வழியெல்லாம் விரலால் கண்ணாடியில் இழுத்துக்கொண்டே போனார். காவலாளி அதட்டினார். ஆயா திரும்பி அவரிடம், "உனுக்குத் தெரியுதா இல்லியா?" என்று கேட்டார். நான் அதுவரை அந்தக் கூடத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். எனக்கு அந்தக் கோடு தெரிந்ததே இல்லை.

பீரோ சாவி

பித்தன் சார் சொல்வதைப் பார்த்தால் தமிழர்களுக்கு ஊசி நூலே தெரியாது போலிருக்கிறது. முல்லைப்பாட்டில் யவனக் காவலர்கள் மெய்ப்பை போட்டு வருகிறார்களே, அது தைத்த சட்டைதானே? (அது யவனர்கள் என்று சொல்லப் போகிறீர்கள். தெரியும்.)

என் கதை இரண்டே வரி. பழைய கால போட்டோ எடுக்கலாம் என்று பாட்டியின் கல்யாணக் காஞ்சிபுரத்தை உடுத்தினேன். உட்கார்ந்தபோது மடிப்பு வாக்கில் 'சர்' என்று போய்விட்டது. இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். பழைய பட்டை எடுத்ததும் உடுத்தாதீர்கள். முதலில் ஒரு முழு நாள் நிழலில் விரித்துப் போடுங்கள். மடிப்பில் விரல் வைத்துப் பாருங்கள், காகிதம் போல மொறுமொறுப்பாக இருந்தால் அது உடுத்தும் நிலையில் இல்லை. பீரோவில் வைக்கும்போது பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது, கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அங்கேதான் அறும். முடிந்தால் மடிக்காமல், துணி சுற்றிய குழாயில் உருட்டி வையுங்கள். கனத்த சரிகைப் புடவையை ஹாங்கரில் தொங்கவிடாதீர்கள், தன் கனத்திலேயே இழுபடும். பாச்சா உருண்டை சரிகையில் படக் கூடாது. உடுத்திய பிறகு அதன் மேல் சென்ட் அடிக்காதீர்கள், சரிகை கறுக்கும். இஸ்திரி போட்டே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில். வியர்வையோடு அப்படியே மடித்து உள்ளே வைக்கிறவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மஸ்லின்காரிக்கு: அந்தக் கவுனைப் பெட்டியில் வைத்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் அதற்கும்தான். அடுத்த வருடம் போய் அந்த அம்மாவுக்கு நல்ல பதில் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.

மஸ்லின்காரி (லண்டன்)

கவுன் பருத்தி. அதில் சரிகையும் இல்லை. பதில் கொடுக்க அந்த அம்மாவை எங்கே போய்த் தேடுவேன்?

பனங்காய் (யாழ்ப்பாணம்)

உங்கட சண்டைக்கு நடுவில் நானும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கண்டியில் சிங்களச் சிநேகிதியின் கலியாணம். மாப்பிள்ளைக்கு நிலமே உடுப்பு, அந்தக் காலத்துக் கண்டிப் பிரபுக்கள் போட்டது: நாலு முனைத் தொப்பி, கை புடைத்த சட்டை, இடுப்பில் மலைபோலத் துணி. எனக்கு அந்த உடுப்பில் சரியான விருப்பம், எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று கெஞ்சி உள்ளே போனேன். உடுத்திவிட வந்த ஐயா துணியின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையை மெல்ல மெல்லச் சுழல விட்டார். ஒரு சுற்று, ஒரு இழுவை, ஒரு தட்டு. முடிகிற மாதிரி இல்லை. கடைசியில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். ஐயா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் பதில் சொன்னார். சிநேகிதியின் தம்பி எனக்கு மொழிபெயர்த்தான்: "பாத்ரூமா? இனிப் பின்னேரம்தான்."

அடுத்த கிழமை கொழும்பு மியூசியத்தில் கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்த்தேன், வெள்ளைக்காரன் கொண்டுபோய் 1934-ல் திருப்பிக் கொடுத்தது. அதில் கடைசியாக இருந்த ராஜா மதுரை நாயக்கர் வழி. நாடு கடத்தப்பட்டு வேலூரில் 1832-ல் செத்தவர். எல்லாரும் அதைப் பக்தியாகப் பார்க்கிறார்கள், எனக்கு மட்டும் 'இவரும் பின்னேரம் வரை அடக்கிக்கொண்டுதானே இருந்திருப்பார்' என்ற நினைப்பு. சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இன்றைக்கும் ராஜா வேடம் போட்ட ஆரைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் நினைவு வரும். உங்கட ராணிக்கும் யோசித்துப் பாருங்கள் அண்ணா.

சியோல் சிட்டு

நான் சோழரும் இல்லை, நாயக்கரும் இல்லை, கொரிய சரித்திரத் தொடர் பைத்தியம். தலைப்பைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

சியோலில் ஹன்போக் (கொரியர்களின் பாரம்பரிய உடை) போட்டுப் போனால் கியோங்போக்குங் அரண்மனைக்கு டிக்கெட் வேண்டாம். வாடகைக் கடையில் ஒன்றை எடுத்து, நெஞ்சில் தொங்கும் அந்த நாடாவை அவசரத்தில் ஷூ லேஸ் மாதிரி இரண்டு காது வைத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வாசலுக்கு முன்னால் ஒரு பாட்டி என்னைக் கைகாட்டி நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் முடிச்சை அவிழ்த்தார், நாடா இரண்டையும் நீவினார், ஒற்றைக் காது மட்டும் வைத்து மறுபடி கட்டினார், வால் இரண்டையும் சரியாக இழுத்துவிட்டார், தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அம்மா ரிப்பன் கட்டிவிடுவாளே, அதே அலுப்பு அந்த முகத்தில்.

அன்றைக்குக் கழற்ற மனமே வரவில்லை. கடைக்காரர் கூடுதல் வாடகை வாங்கிக்கொண்டார்.

கல்வெட்டுப் பித்தன்

பீரோ சாவி அம்மா, அது யவனர்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நூல்கண்டு சகோவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ராணி சிலையில் தொடைப் பக்கம் சில்லு பெயர்ந்ததும், அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் 'ராணிக்கு அங்கே மச்சம் இருக்கும், அப்படியே விடு' என்றதும், இவருக்கு எப்படித் தெரியும் என்று அரசர் சந்தேகப்பட்டதில் அவர் பட்ட பாடும் மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கதைதான், இருக்கட்டும். ஆனால் துணி மேல் சில்லு பெயர்ந்தால் எதற்கு மச்சம்? கதை கட்டியவர்கள் கண்ணுக்கு அந்தத் துணி எவ்வளவு மெல்லியதாகத் தெரிந்திருக்க வேண்டும்! என் ஆயா சொன்ன அதே விஷயம்.

கேட்க வந்தது அதுவல்ல. தையல்காரர் பின்பக்கமும் வரைந்தார் என்கிறீர்கள். அந்தச் சிலைகள் தூணோடு சேர்த்துச் செதுக்கியவை. ராணிக்கு முதுகு ஏது?

நூல்கண்டு (மதுரை)

முதலில், நான் அந்தப் படத்து உடையை எங்கே தலையில் தூக்கி வைத்தேன்? ஐந்து முறை பார்த்தேன் என்றுதான் சொன்னேன்.

பனங்காய் தங்கச்சி, விழாவில் எனக்கு வேட்டியே போதும் என்று ஆகிவிட்டது.

பித்தன் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உண்மைதான். முதுகு தூணுக்குள் இருக்கிறது. ஆனால் அவர் பலகையில் போட்டது பின்பக்கம்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொசுவத்தின் ஒரு முனை இரண்டு கால் நடுவே போய்ப் பின்னால் ஏறி, பட்டையில் இடது ஓரமாகச் செருகி, மிச்சம் ஒரு சாண் வெளியே தொங்கியது. அந்தத் தொங்கலுக்கு நிழல்கூடப் போட்டார். ஊகித்தாரா, வேறு எங்காவது பார்த்தாரா, வீட்டில் யாராவது அப்படிக் கட்டியிருந்தார்களா? கேட்காமல் வந்துவிட்டேனே.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போனேன். பெரியவர் இல்லை. மகன்தான் மெஷினில் இருந்தார், முழங்கால் வரை சிவப்பும் பச்சையுமாகத் துணி. விஷயத்தைச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "சித்திரை முடியட்டும் சார். இப்பப் போய் அவர்கிட்ட ராணி, கொசுவம்னு ஆரம்பிச்சீங்கன்னா இருக்குற ஆர்டர அப்படியே போட்டுட்டு வரையப் போயிடுவாரு" என்றார்.