ஹிராம் பிங்ஹாம் ரயிலில் ஒரே நாளில் மாச்சு பிச்சு: பார்த்ததும் பிசகியதும்

செங்காந்தள்:
பெரு நாட்டின் குஸ்கோ பக்கமிருந்து, மாச்சு பிச்சு என்ற இன்கா மலைநகர இடிபாடுகளுக்குப் போகும் சொகுசு ரயில் இது. நீலமும் தங்கமும் பூசிய பெட்டி, வெள்ளைத் துணி விரித்த மேசை எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனசை விட்டுப் போகாதது வேறு. இடிபாடுகளின் நுழைவாயிலைத் தாண்டியதும் பாதை பிரிகிற இடம். அதே ரயிலில் வந்த வயதான தம்பதி மேலேறும் படியில் காலை வைத்தார்கள். காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கீழ்ப்பாதையைக் கை காட்டினார். டிக்கெட்டில் குறித்திருந்த சுற்றுப்பாதை சர்க்யூட் 3. அந்த அம்மா கைபேசியில் இருந்த படத்தைக் காட்டி, "இது எங்கே?" என்று கேட்டார். காவலர் அண்ணாந்து மலையைப் பார்த்தார், இல்லையென்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

காலண்டரில் வருகிற அந்தக் காட்சி மேல் அடுக்கு வயல்களிலிருந்து, 'காவலர் வீடு' என்கிற பழைய கல்வீட்டுப் பக்கம் நின்றால்தான் தெரியும். 2024 முதல் 3 சர்க்யூட், அவற்றுக்குள் 10 வழித்தடம். 1 மேலே மட்டும். 2 மேல் காட்சியும் நகரின் உட்பகுதியும். 3 கீழ்ப்பகுதி, அந்தப் படம் கிடைக்காது. ஒருவழிப் பாதை, திரும்பி நடக்க விடமாட்டார்கள், வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. ரயில் கட்டணத்திலேயே நுழைவுச்சீட்டு சேர்ந்துவிடுவதால் எந்த சர்க்யூட் என்று யாரும் கேட்பதில்லை. பணம் கட்டுமுன் சர்க்யூட் எண், வழித்தட எழுத்து இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஊர்க்குருவி:
இன்னொன்று, பெயர். மலையடிவாரத்தில் ரயில் போய்ச் சேரும் ஊரான அகுவாஸ் காலியெந்தெஸின் பஸ் வரிசையில் ஒருவரை ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். கையில் பாஸ்போர்ட்டின் கலர் ஜெராக்ஸ், அசல் குஸ்கோ ஹோட்டல் பெட்டகத்தில். மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிற பாஸ்போர்ட்டை எப்படி எடுத்து வருவது? அசல்தான் வேண்டும்.

நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும்; முன்பதிவுப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். அப்பா பெயரைச் சுருக்கிப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு, முகவருக்கு முதல் பக்கப் படத்தையும் அனுப்பிவையுங்கள். முன்பதிவுக்குப் பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழையதையும் கையோடு கொண்டு போங்கள்.

தண்டவாளம்:
இந்த ரயிலில் போவதே வீண், மதியம் போய் என்ன பார்ப்பது என்று பலர் எழுதுகிறார்கள். ஒப்புக்கொள்ள முடியாது. காலை 6 மணிக்குக் கதவு திறக்கும்போது பாதி நாட்கள் மூடுபனிதான், கைக்கெட்டும் சுவர்கூடத் தெரியாது. மதியத்துக்குள் பெரும்பாலும் விலகிவிடும். காலைக் கூட்டமும் இறங்கிக்கொண்டிருக்கும். சாய்வெயில் மேற்கிலிருந்து விழும்போது கல்லின் விளிம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

ஆனால் கணக்கு தெரிந்து போக வேண்டும். குஸ்கோவுக்கு வெளியே உள்ள போரோய் நிலையத்திலிருந்து 9 மணியை ஒட்டிக் கிளம்பினால், இறங்கி பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் அரை மணி ஏறி, உள்ளே கால் வைக்க 2 மணி நெருங்கிவிடும். மாலை 6-க்கு முன்னே திரும்பும் ரயில். நடுவில் வாயிலை ஒட்டிய விடுதியில் தேநீர் விருந்து. இடிபாடுகளுக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை மணி நேரம். தேநீரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் விட்டே விடுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. வாயிலுக்கு வெளியே போய்விட்டுத்தான் நுழைய வேண்டும், பெரு நாட்டுக் காசான சோல் சில்லறை கையில் இருக்கட்டும். பக்கத்துச் சிகரமான வைனா பிச்சு ஏறும் ஆசை இருந்தால் இந்த ரயில் ஒத்துவராது.

ரயிலுக்குள் இடப்பக்கம் உட்காருங்கள், வில்கனோதா ஆறு அந்தப் பக்கம். தண்டவாள அகலம் 914 மில்லிமீட்டர்தான், அதனால் ஆட்டம் இருக்கும். பரிமாறுகிறவர் சூப்பைப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார். வழியில் வரும் ஒயாந்தைதம்போ ஊர் தாண்டியதும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கடைசிப் பெட்டியின் திறந்த பால்கனிக்குப் போய்விடுங்கள். 82-வது கிலோமீட்டரில் இன்கா நடைபாதை தொடங்கும் தொங்குபாலம். அதன் பிறகு கள்ளிச்செடி குறைந்து பாசி படர்ந்த மரங்கள் வரும். 104-வது கிலோமீட்டருக்கு அருகே எதிர்க்கரையில் சச்சபம்பா என்ற இன்கா இடிபாட்டின் சுவர்கள். 110-ல் ஊர் வந்துவிடும். இந்தக் கடைசி 28 கிலோமீட்டர்தான் கொடுத்த காசுக்கான பயணம்.

மருந்துப்பெட்டி:
போரோய் நடைமேடையில் இசைக்குழு, நடனம், பிஸ்கோ சவர் என்ற மதுபானத் தட்டு. காலை 9 மணிக்கு, ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் வெறும் வயிற்றில் இரண்டு கோப்பை குடித்த ஒருவர், இரவு திரும்பும்போது சாப்பாட்டைத் தொடாமல் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தார். உதடு வெளுத்திருந்தது.

இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். போகும்போது ரயில் இறங்குகிறது: அகுவாஸ் காலியெந்தெஸ் 2,040 மீட்டர், மாச்சு பிச்சு 2,430. அதனால் பகல் முழுக்க உடம்பு தெம்பாக இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். இரவில் அதே ரயில் வைனும் நான்கு சுற்று விருந்துமாக 1,400 மீட்டருக்கு மேல் திரும்ப ஏறுகிறது. தலைவலியும் குமட்டலும் அப்போதுதான் பிடிக்கும். லிமாவிலிருந்து பறந்து வந்த மறுநாளே இந்த ரயிலில் ஏறுவது பெரிய தவறு. விமான நிலையத்திலிருந்து நேரே பள்ளத்தாக்குக்கு இறங்கி, 2,870 மீட்டரில் இருக்கும் உருபம்பாவில் இரண்டு இரவு தூங்குங்கள். குஸ்கோவைக் கடைசிக்கு வையுங்கள். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமானால் வழக்கமாகத் தருவது 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, உயரத்துக்கு ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. விரல் மரத்துப் போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நம்பாமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

கொசுவைவிடச் சின்ன ஒரு ஈ கணுக்காலைக் குறிவைக்கும். கடிக்கும்போது தெரியாது, இரண்டு நாள் அரிக்கும். முழுக்கால் சட்டை, டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்பு.

ஊர்க்குருவி:
கோகோ இலைத் தேநீரை விட்டுவிட்டீர்களே. அங்கே குடிக்கலாம், ஆனால் பையில் போட்டு ஊருக்குக் கொண்டு வரக்கூடாது. வேலையில் போதைப்பொருள் சோதனை இருப்பவர்கள் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம், சோதனையில் காட்டிக்கொடுக்கும்.

குறிஞ்சி:
தண்டவாளம் சார் சொன்ன நேரம் வறண்ட மாதங்களுக்குத்தான் பொருந்தும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை போரோய்ப் பகுதியில் மண்சரிவு விழும், ரயில் பள்ளத்தாக்கிலிருந்தே கிளம்பும். எந்த நிலையத்தில் ஏறுவது என்று முதல் நாள் மாலை உறுதி செய்யாமல் தூங்கப் போகாதீர்கள். ஆற்றோரமாகவே தண்டவாளம் ஓடுவதால் வெள்ளம் வந்தால் முதலில் அடிபடுவது அதுதான். 2010 ஜனவரியில் பாதை அரித்துப் போய், ஆயிரக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். 2024 ஜனவரியில் மழையே காரணமில்லை. டிக்கெட் விற்பனையைத் தனியார் தளத்துக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தண்டவாளத்தில் மறியல். இந்த ரயிலுக்கு மறுநாளே ஊர் திரும்பும் விமானத்தை வைக்காதீர்கள். ஒரு நாள் சும்மா இருக்கட்டும். தின மாத்திரைகளை மூன்று நாளுக்குக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெரிய பெட்டியை ரயிலில் ஏற்ற மாட்டார்கள்.

கல்தச்சன்:
எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இடிபாடுகளின் உச்சியில் உள்ள இன்திவதானா என்ற இன்கா சடங்குக் கல்லின் மேல் விளிம்பில் ஒரு மூலை உடைந்திருக்கும். காலம் உடைத்ததில்லை. 2000-ஆம் ஆண்டு பீர் விளம்பரம் எடுக்கும்போது கேமரா கிரேன் சாய்ந்து சிதறியது. முக்காலிக்கும் செல்ஃபி குச்சிக்கும் வாயிலில் தடை சொல்லும்போது கோபப்படுகிறவர்கள் அந்த மூலையை ஒருமுறை பார்க்க வேண்டும். ஊன்றுகோல் வேண்டியவர்கள் முனையில் ரப்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவு என்றால் ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள்: சூரியக் கோயில் பக்கத்தில் இறங்கும் நீர்ப்படிகள். 16 தொட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு. மலைச்சரிவு ஊற்றிலிருந்து 749 மீட்டர் கால்வாய் வெட்டிக் கொண்டு வந்த தண்ணீர். கல்லின் உதட்டில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் குடைந்திருக்கிறார்கள், தண்ணீர் சுவரில் வழியாமல் தாவி விழுவதற்கு. ஒரு குடத்தை வைத்தால் சரியாக வாய்க்குள் விழும். முதல் தொட்டி அரசன் தங்கிய வீட்டை ஒட்டி. அடுக்கு வயலுக்கு அடியிலும் இதே அக்கறைதான்: மேலே மண், கீழே மணல், சரளை, அதற்கும் கீழே உடைகல். மழைநீர் தேங்கினால் சுவர் பிதுங்கும் என்று தெரிந்து செய்த வேலை.

உங்கள் சர்க்யூட் அந்தப் படிகளைத் தொடுகிறதா என்று பஸ்ஸில் ஏறும்போதே வழிகாட்டியிடம் கேட்டு வையுங்கள். அங்கே பாதை குறுகல், பின்னால் வரும் குழு ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடும்.