மேலத்தெரு வீடு (குடும்பம் மட்டும்)

கீதா சித்தி: செல்வி, ராஜம் அக்காவுக்கு கேன்சராமே? ஏன்டி வாயே திறக்கல?

கீதா சித்தி: கோயில்ல நாலு பேர் கேக்குறாங்க. நான் முழிச்சிட்டு நிக்கிறேன்

செல்வி: கேன்சரும் இல்ல ஒண்ணும் இல்ல சித்தி. யார் சொன்னா?

கீதா சித்தி: ரேடியேஷன் வைக்க பெங்களூர் போறீங்கன்னு பாபுதான் சொன்னான்

பாபு மாமா: நிம்ஹான்ஸ்னு, அந்த மூளை நரம்பு ஆஸ்பத்திரி பேரை மட்டும்தான் சொன்னேன்

பாபு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரவி: மாமா எதை அழிச்சீங்க

சேகர் சித்தப்பா: அதே முகவலிதான். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. ரெண்டு பல்லைப் பிடுங்கியும் போகலையே, அது.

கீதா சித்தி: அதுக்கு எதுக்கு ரேடியேஷன்??

கார்த்தி: சித்தி, ரேடியேஷன்னாலே கேன்சர் இல்ல. 1950கள்லயே ஸ்டாக்ஹோம்ல லெக்செல்ங்கிற டாக்டர் எக்ஸ்ரே குழாயை வச்சு இந்த முகவலிக்குத்தான் இதைச் செஞ்சு பார்த்தார். இப்ப அத்தைக்குச் செய்யப் போறது காமா நைஃப், அந்த மெஷின் வந்ததே 1968ல. பேர்ல கத்தி இருக்கே தவிர எங்கயும் வெட்ட மாட்டாங்க. முகத்துக்கு உணர்ச்சி குடுக்குற அஞ்சாவது நரம்பு மூளைத்தண்டுல இருந்து கிளம்புற இடத்துல ஒரு ரத்தக்குழாய் போய் அழுத்துது. உரசி உரசி நரம்பு மேல இருக்கிற உறை தேய்ஞ்சு போயிடும். அப்புறம் பல் தேய்ச்சா, காத்து பட்டா, ஒரு வார்த்தை பேசினா கூட கரண்ட் அடிக்கிற மாதிரி சில செகண்ட், அதிகபட்சம் ரெண்டு நிமிஷம். பல்லுல வர்ற மாதிரியே இருக்கிறதாலதான் நல்ல பல்லு போகுது. மெஷின்ல 192 கோபால்ட்-60 மூலங்கள். ஒவ்வொரு கதிரும் தனியா ரொம்பப் பலவீனம், வழியில எதையும் ஒண்ணும் செய்யாது. எல்லாம் ஒரே புள்ளியில சேருற இடத்துல மட்டும்தான் வேலை நடக்கும். அந்தப் புள்ளி 4 மி.மீ. அகலம். நடுவுல 70லிருந்து 90 கிரே (கிரேங்கிறது கதிரோட அளவு) வரைக்கும் குடுப்பாங்க. கேன்சருக்கு ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் பல வாரம் குடுப்பாங்க, இங்க ஒரே உக்காரல்ல முடிஞ்சிடும். பக்கத்துலயே மூளைத்தண்டு இருக்கிறதால அதன் ஓரத்துல எவ்வளவு விழுதுங்கிறதுதான் பிளான்ல பெரிய தலைவலி

பாபு மாமா: இதுக்கு மேல இருக்காடா

மாலா அண்ணி: (கையெடுத்துக் கும்பிடும் ஸ்டிக்கர்)

ரவி: அந்த ரத்தக்குழாயை நகர்த்தி நடுவுல டெஃப்லான் வைக்கிற ஆபரேஷன்தான் பெஸ்ட்னு நான் படிச்சேன். செலவை நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே

செல்வி: கொல்லைச் சுவர் செலவைப் பாத்துக்கிட்ட மாதிரியா அண்ணா

ரவி: அது வேற இது வேற

மாலா அண்ணி: ஆபரேஷன் பெஸ்ட்தாங்க, உடம்பு தாங்குறவங்களுக்கு. காதுக்குப் பின்னாடி மண்டையோட்டைத் திறக்கணும். அத்தைக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சு இன்னும் வருஷம் ஆகல. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை ஓடுது, நிறுத்த முடியாது. கன்னம் வழியா ஊசி விட்டு நரம்பைச் சுடுறதும் அதே கதைதான், ரத்தக்கசிவு பயம். காமா நைஃபுக்கு மட்டும்தான் அந்த மாத்திரையைத் தொட வேண்டியதில்ல

ரவி: சரி

சேகர் சித்தப்பா: மாத்திரைன்னதும் ஞாபகம் வருது. முகவலிக்குக் குடுக்குற கார்பமாஸெபின் மத்த மருந்தையெல்லாம் ஈரல்ல சீக்கிரம் கரைச்சிடும். ரத்தம் உறையாம இருக்க முன்னாடி குடுத்த டிகாக்ரெலார் கூட சேரவே கூடாது, அதான் ஹார்ட் டாக்டர் குளோபிடோக்ரெலுக்கு மாத்தினார். பழைய சீட்டைப் பாத்து எவனாவது மறுபடி வாங்கிட்டு வந்துடாதீங்க.

பாபு மாமா: எவனாவதுன்னா நான்தானே அத்தான்

சேகர் சித்தப்பா: ஆமா.

சேகர் சித்தப்பா: இன்னொண்ணு. தள்ளாடுது தள்ளாடுதுங்கிறீங்களே, சோடியம் பாத்தீங்களா? இந்த மாத்திரையே உப்பைக் குறைக்கும். கூட 'எச்'னு முடியற பிரஷர் மாத்திரை வேற. அதுல நீர் பிரிக்கிற மருந்து இருக்கு. ரெண்டும் சேர்ந்தா வயசானவங்களுக்கு 135க்குக் கீழ சரசரன்னு இறங்கும். இதுக்குப் பதிலா இதே வகை ஆக்ஸ்கார்பஸெபினுக்கு மாத்தினா அது இதை விட அதிகமா இறக்கும்.

செல்வி: நாளைக்கே ரத்தம் குடுக்குறோம் சித்தப்பா

சேகர் சித்தப்பா: சி.ஆர்.னு போட்ட, மெதுவா கரையற மாத்திரையைப் பொடிச்சு வாழைப்பழத்துல வைக்கிறது யாரு?

கீதா சித்தி: முழுங்க முடியலன்னாளே

சேகர் சித்தப்பா: பொடிச்சா 12 மணி நேரத்துல இறங்க வேண்டியது ஒரே அடியா இறங்கும். மயக்கம் வராம என்ன செய்யும்? கோடு போட்டிருந்தா பாதியா உடைக்கலாம், பொடிக்கக் கூடாது.

கீதா சித்தி: சரிங்க டாக்டர்

கீதா சித்தி: அது கிடக்கட்டும். வியாழக்கிழமை ரேடியேஷன், ஞாயித்துக்கிழமை திவ்யா வளைகாப்பு. கதிர் உடம்புல இருக்கிறப்ப புள்ளத்தாச்சியைத் தொடலாமா? எனக்கு அதான் பயம். தப்பா நெனைக்காதீங்க

திவ்யா: அம்மா ப்ளீஸ்

கார்த்தி: தாராளமா தொடலாம். கோபால்ட் மெஷினுக்குள்ளயே இருக்கு. கதவு மூடினதும் கதிர் நின்னு போச்சு, அத்தை உடம்புல எதுவும் தங்காது. அன்னிக்கு சாயங்காலமே கூட வளையல் போடலாம்

மாலா அண்ணி: தொடலாம், ஆனா ஃபோட்டோவுக்கு ஒத்துக்க மாட்டாங்க. தலை அசையாம பிடிக்கிற ஃப்ரேம் மாட்ட நெத்தியில ரெண்டு, பின்னாடி ரெண்டு இடத்துல மரத்துப்போற ஊசி போட்டு திருகுவாங்க. ஊசிதான் எரியும், திருகுறப்ப இறுக்கம் மட்டும், அஞ்சு பத்து நிமிஷத்துல அடங்கிடும். மொட்டையெல்லாம் கிடையாது. மறுநாள், அதுக்கு மறுநாள் கண்ணிமை லேசா வீங்கலாம். ரெண்டு தலகாணி வச்சுப் படுக்கணும்

கீதா சித்தி: அப்ப வளைகாப்பைத் தள்ளி வைக்கலாமா? அடுத்த முகூர்த்தம் ஒம்பதாம் மாசக் கடைசியில விழுது

பாபு மாமா: சமையல்காரருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஏழு வகை சாதம்

மாலா அண்ணி: முதல் நாள் ராத்திரி ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிக்கணும், எண்ணெய் வைக்கக் கூடாது. காலையில கார்பமாஸெபினை விடவே கூடாது, ஒரு வாய் தண்ணியில முழுங்கிடணும். தலையை அசைக்க முடியாம படுத்திருக்கிறப்ப வலி வந்தா பாவம். ஸ்டென்ட் கார்டு, பழைய எம்.ஆர்.ஐ. சி.டி. ரெண்டும் எடுத்துக்கணும். மூக்குத்தி, தோடு, மெட்டி எதுவும் இருக்கக் கூடாது

செல்வி: மூக்குத்தியா!!

கீதா சித்தி: அது திருகாணியைக் கழட்டியே பத்து இருவது வருஷம் இருக்கும்

கார்த்தி: கழட்டித்தான் ஆகணும். ஃப்ரேமோட எடுக்கிற எம்.ஆர்.ஐ.யை வச்சுத்தான் புள்ளியைக் குறிக்கிறோம். உலோகம் பக்கத்துல இருந்தா படம் நெளியும். நரம்பே சில மி.மீ. தடிமன்தான், அதுல ஒரு மி.மீ. தள்ளினா வலிக்குக் குடுக்குற டோஸ் மூளைத்தண்டுக்குப் போயிடும். இதுக்காகத்தான் முகமூடி போதாதுன்னு ஃப்ரேமே மாட்டுறாங்க. வரலன்னா சோப்புத் தண்ணி விட்டுப் பாருங்க, இல்ல ஆசாரியைக் கூப்பிட்டு வெட்டிடுங்க. ஆஸ்பத்திரியில போய் மல்லுக்கட்டாதீங்க

ரவி: கழட்டினா மாலாகிட்ட குடுங்க, லாக்கர்ல வைக்கட்டும்

கீதா சித்தி: அது எங்கம்மாவோடது

செல்வி: ஆரம்பிச்சாச்சு

ராஜம் அத்தை: நானும் இந்த குரூப்புலதான் இருக்கேன்

ராஜம் அத்தை: பேசினா வலிக்குதுன்னு டைப் பண்றேன். மூக்குத்தி யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். முடிப்புல கட்டி இடுப்புல வச்சுக்கறேன்

மாலா அண்ணி: அத்தை, மெஷின்குள்ள இடுப்புலயும் கூடாது

ராஜம் அத்தை: எவ்ளோ நேரம் படுக்கணும் கார்த்தி

கார்த்தி: கோபால்ட் புதுசா இருந்தா அரை மணி, முக்கால் மணி அத்தை. 5.3 வருஷத்துல பலம் பாதியாகும், அப்ப நேரம் ரெட்டிப்பு. போனதும் கேட்டுக்கலாம். சத்தம் இல்ல, சூடு இல்ல, எதுவும் தெரியாது. கேமரா, மைக் இருக்கு. ஒண்ணுக்கு வந்தா கூப்பிட்டா நிறுத்துவாங்க. முன்னாடியே போயிட்டு வந்துடுங்க

ராஜம் அத்தை: அன்னிக்கே நிக்குமா

கார்த்தி: நிக்காது. இதைத்தான் எல்லாரும் நல்லாக் கேட்டுக்கணும். சிலருக்குப் பத்து நாள்லயே குறையும், பலருக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம், சிலருக்கு ஆறு மாசம் வரைக்கும் இழுக்கும். நடுவுல ரெண்டு நாள் அதிகமானா கூட ஃபெயில்னு அர்த்தம் இல்ல. பிரான்ஸ்ல மார்செய்ங்கிற ஊர்ல 497 பேரை குறைஞ்சது ஒரு வருஷமாவது பின்தொடர்ந்து பாத்திருக்காங்க. முதல்ல நூத்துக்கு 92 பேருக்கு வலி நின்னுது. மாத்திரையே இல்லாம வலியில்லாம இருந்தவங்க 5 வருஷத்துல 65, 10 வருஷத்துல 45. திரும்பி வந்தா இன்னொரு தடவை குறைஞ்ச டோஸ்ல குடுக்கலாம், ஆனா மரத்துப்போறது கூடும்

சேகர் சித்தப்பா: வலி நின்னதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடக் கூடாது. சில வாரம் சுத்தமா வலி இல்லன்னு தெரிஞ்சதும் டாக்டர் சொல்ற கணக்குல 100 மி.கி. 100 மி.கி.யா இறக்கணும். திடீர்னு விட்டா வலி திரும்பும், வலிப்பு கூட வரலாம்.

மாலா அண்ணி: மரத்துப்போறது ஆறு மாசம் கழிச்சுக் கூட ஆரம்பிக்கும். கன்னத்தைத் தெரியாம கடிச்சுக்குவாங்க. அத்தை, காபியை அந்தப் பக்கம் விடாதீங்க, சூடு தெரியாது. கண்ணுல உறுத்தல், சிவப்பு இருந்தா காத்திருக்காம காட்டணும்

ராஜம் அத்தை: சரி

பாபு மாமா: மைசூர் எக்ஸ்பிரஸ்ல புதன் ராத்திரி போட்டுடவா?

செல்வி: வியாழன் காலைல ஃப்ரேம்னா செவ்வாயே கிளம்பணும் மாமா. அனஸ்தீஷியா டாக்டர் முதல் நாள் பாக்கணும்

மாலா அண்ணி: ஜன்னல் ஓரம் வேண்டாம், காத்து பட்டாலே ஷாக். ஏ.சி.யா இருந்தாலும் காத்து வர்ற ஓட்டைக்கு நேரா வேண்டாம். கீழ் பெர்த், வலது பக்கம் சுவரைப் பாத்து

ரவி: கூட யார் போறா?

செல்வி: நான்

கீதா சித்தி: நானும் வரேன்

திவ்யா: அம்மா வளைகாப்பு வேலை?

கீதா சித்தி: அதான் தள்ளி வைக்கலாம்னேனே

பாபு மாமா: அட்வான்ஸ்

பாபு மாமா: செவ்வாய்க்கு மூணு பேருக்கும் ஆர்.ஏ.சி. காட்டுது. போடவா, வேணாமா? யாராவது சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிடும்