புதுப்பிப்பு: சாய்வான அடி இப்போது விழுகிறது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: காட்பாடியில் எயிட் பால் (கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது இடித்து வண்ணப் பந்தைக் குழியில் தள்ளும் மேசை ஆட்டம்) ஆடும்போது நேர் அடி விழுகிறது, சாய்வாக அடித்தால் மட்டும் தப்புகிறதே, ஏன் என்று. குழிக்கு நேர் எதிர்ப்பக்கம், வண்ணப் பந்தை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அதுதான் மருந்து.

நான் கேரம் ஆடி வளர்ந்தவன். பந்தில் படவேண்டிய புள்ளியையே வெறித்துப் பார்த்து, வெள்ளைப் பந்தின் நடுவை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். பந்தின் விட்டம் 57 மி.மீ.; அதன் நடு அந்தப் புள்ளிக்குப் போவதற்குள் விளிம்பு வேறிடத்தில் இடித்துவிடுகிறது. இப்போது அந்தக் கற்பனைப் பந்தின் நடுவையே குறி வைக்கிறேன். வெள்ளைப் பந்தின் நடுவை வண்ணப் பந்தின் விளிம்பை நோக்கி நேராக அடித்தால் வண்ணப் பந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகி ஓடும். இந்த ஒரு கோணம் கைவந்ததும் மற்றவை பிடிபட்டன.

அப்புறம் மனசு. நின்றபடியே முடிவெடுத்துவிட வேண்டும். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் எழுந்துவிடுகிறேன். வேலூர் வெயிலில் வியர்த்த கையைத் துடைத்து, கியூ (அடிக்கும் கோல்) நுனியில் சாக் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. அடிக்கும் கணத்தில் கண் வண்ணப் பந்தின் மேல்தான்.

நேற்று மூலைக் குழிக்கு 20 முறை அடித்தேன், 13 விழுந்தது. இடப்பக்கச் சாய்வு மட்டும் இன்னும் தகராறு. யாருக்காவது அது சரியாகியிருந்தால் சொல்லுங்கள்.