‘பேய்கள்’ கடைசிக் காட்சி: உங்கள் மேடையிலும் இப்படி நடந்திருக்கிறதா?

விளக்குக்காரன்
நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பேய்கள்’. கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மகன் ஆஸ்வால்டுக்குப் புத்தி கலங்கிவிட்டது. “அம்மா, சூரியனைக் கொடு” என்கிறான். இப்படி ஆனால் கொடுத்து என் உயிரை முடித்துவிடு என்று அவன் முன்பே கேட்டிருந்த மார்ஃபின் மருந்தை வைத்துக்கொண்டு அம்மா திருமதி ஆல்விங் தவிக்கிறார். நான் விடியல் வெளிச்சத்தை மெல்ல ஏற்றுகிறேன். முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து, “கொடுத்துவிடாதே அம்மா, பெற்ற பிள்ளையாயிற்றே!” என்று கத்தினார். நடிகை அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். திரை விழுந்தது. அது சம்மதமா, மறுப்பா? கேட்டால், “நான் எங்கே தலையசைத்தேன்?” என்கிறார்.

மாலதி
நடிகை செய்தது தவறு. கொடுத்தாளா இல்லையா என்று எழுதியவரே சொல்லாமல் விட்ட இடம் அது. ஆளாளுக்கு இணங்கிப்போனால் 1880இல் ஜெர்மனியில் நடந்த கதைதான். இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தின் முடிவில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டுப் போகிறாள். நோராவாக நடிக்க வந்த ஹெட்விக் நீமன்-ராபே, குழந்தைகளை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். வேறு வழியின்றி இப்சனே முடிவை மாற்றி எழுதிக்கொடுத்தார், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டவும் செய்தார்.

எங்கள் நோராவுக்கு, கணவனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டிய மோதிரம் விரலை விட்டு வரவில்லை. அரங்கே சிரித்தது. அவர் வசனத்தை நிறுத்திவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை இழுத்துக்கொண்டே இருந்தார். கழன்று வந்தபோது விரல் சிவந்திருந்தது. ஒருவரும் இருமக்கூட இல்லை.

திரைக்குப் பின்னால்
நாங்கள் போட்டது இன்னொரு நார்வே நாடகாசிரியர் யூன் ஃபோசேயின் ‘பெயர்’. கர்ப்பிணி மகள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ஃபோசே நாடகத்தில் வசனத்துக்குச் சமமாக மௌனமும் உண்டு. அப்படியொரு மௌனத்தில், வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து ஓரத்திலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

விளக்குக்காரருக்கு ஒன்று சொல்லவேண்டும். ‘பேய்கள்’ முழுக்க மழையும் மூட்டமும்தான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் அனாதை விடுதி எரியும் சிவப்பைத் தவிர வேறு நிறமே காட்டாதீர்கள். விடியல் ஜன்னலுக்கு வெளியே, தொலைவில் தெரியும் பனிமலையில் தொடங்கவேண்டும். மகன் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பான். வெளிச்சம் அவன் முகத்தில் விழவே கூடாது. அம்மாவுக்குத் தனி விளக்கு போட்டால் கெட்டது. நீங்கள் போட்டிருப்பீர்கள், அதனால்தான் பாட்டி அவரிடம் பேசியிருக்கிறார். மழை ஒலியை எப்போது நிறுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள்.

விளக்குக்காரன்
ஐயா, நான் கேட்டது தலையசைப்பைப் பற்றி. ஜன்னலும் பனிமலையும் எங்களுக்கு ஏது? கல்யாண மண்டபத்தின் நீலத் திரைதான் தொங்கியது. மாலதி அம்மா, தவறு என்கிறீர்கள், சரி. அது எந்தப் பக்கம் அசைந்த தலை?