ஒரே ஏரி மீன்களில் ஒன்று பெருக்கிறது, ஒன்று சிறுக்கிறது: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தூண்டில் போடுகிறவர்கள், வலை வீசுகிறவர்கள், குத்தகைக்கு எடுத்து மீன் விடுகிறவர்கள் எல்லோரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். ஒரே தண்ணீர், ஒரே வயசு. ஆனாலும் பிடிக்கும்போது ஒரு இனம் கையில் கனக்கிறது, இன்னொன்று உள்ளங்கை அளவைத் தாண்டவே இல்லை. ஏன்?

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் கழுவும்போது குடலை உடனே தூக்கிப் போடாமல் விரித்துப் பார்ப்பது என் பழக்கம். விராலுக்குக் குடல் அதன் உடம்பு நீளம்கூட வராது. இரைப்பையைக் கீறினால் பொடி ஜிலேபி மீன் ஒன்று செதில்கூடக் கரையாமல் முழுசாக இருக்கும். துடுப்பு முள் குத்தாமல் மடங்குவதற்காகத் தலைப்பக்கமாக விழுங்கியிருக்கும். அப்புறம் ரோகுவைக் கீறிப் பாருங்கள். கரும்பச்சையில், நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும் குடல், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். ரோகு, கட்லா மாதிரி கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது, தாடையில் பல்லும் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பல்லால் அரைத்து நேராகக் குடலுக்கு அனுப்பும். பாசியிலும் மட்கிய இலையிலும் சத்து கொஞ்சம்தான் என்பதால், அதை உறிஞ்ச அவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

இதை வைத்து, மீனைத் தின்னும் மீன்தான் சீக்கிரம் வளரும் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல தண்ணீரில், நெரிசல் இல்லாமல் இருந்தால் கட்லா ஒரு வருடத்தில் 1 கிலோவைத் தொடும். தீவனம் போடாத ஏரியில் விரால் அந்த வேகத்தில் எடை போட்டு நான் பார்த்ததில்லை. பாசியைப் பூச்சி தின்று, பூச்சியைச் சிறுமீன் தின்று, சிறுமீனை விரால் தின்பதற்குள் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடம்பில் சேர்கிறது. கெண்டைகள் அந்தப் படிகளில் கீழ்ப்படியிலேயே சாப்பாட்டைப் பிடித்துக்கொள்கின்றன.

*

நல்ல கேள்வி அண்ணா. நான் ஏரியில் குஞ்சு விட்டு வளர்ப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் வாயைப் பார்த்தாலே மீன் எங்கே மேய்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். மேல்தண்ணீரில் மிதக்கும் பொடிப் பூச்சிகள்தான் அதற்கு முக்கிய இரை. மிர்காலுக்கு வாய் கீழே பார்த்திருக்கும், அது வண்டலைத் துழாவும். ரோகு உதட்டோரம் பிசிறு பிசிறாக இருக்கும். நடுத்தண்ணீரில் செடியிலும் கட்டையிலும் படிந்த பாசியைச் சுரண்ட அது வசதி. இந்த மூன்றையும் 4:3:3 என்று விடுவது வெகுகாலப் பழக்கம். ஒன்றின் தட்டில் இன்னொன்று அதிகம் கை வைக்காது.

வெள்ளிக் கெண்டை உள்ளே வந்ததும் கணக்கு மாறுகிறது. அதுவும் மேல்தண்ணீர் மீன். செவுளில் இருக்கும் நெருக்கமான சல்லடையால் தண்ணீரையே வடிகட்டித் தின்னும். பாசிதான் அதன் பிரதான உணவு என்றாலும் பூச்சியும் கூடவே போய்விடும். அது அதிகமாகிவிட்ட ஒரு ஏரியில் வலை இழுத்தபோது கிடைத்த கட்லாக்களை மறக்க முடியாது. தலை மட்டும் பெரிசு, அதற்குப் பின்னால் முதுகு சரிந்து, வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தன. அதே வலையில் வந்த மிர்கால்கள் கொழுகொழுவென்று இருந்தன. ஏரியில் சாப்பாடு இல்லாமல் இல்லை, மேல்தட்டில்தான் இல்லை.

சாதாக் கெண்டையின் சேட்டை வேறு மாதிரி. அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலங்கினால் வெயில் இறங்காது, பாசி குறையும், அதை நம்பியிருக்கும் எல்லாமே மெலியும். புல் கெண்டையைப் பற்றி மட்டும் எனக்குக் குறையே இல்லை. களையைத் தின்று அது பாதி செரித்துக் கழிப்பது மற்ற மீன்களுக்கு உரமாகிறது.

ஒரு சின்ன யோசனை. எடையை மட்டும் எழுதி வைக்காதீர்கள், நீளத்தையும் எழுதுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காக வேண்டும். அதற்கு ரொம்பக் குறைந்தால் மீனுக்கு இரை போதவில்லை என்று அர்த்தம்.

*

ஜிலேபியைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், சரி, நானே எழுதுகிறேன்.

நான் வழக்கமாகத் தூண்டில் போடும் ஏரியில் விராலையும் வாளையையும் விடாமல் பிடித்து ஏறக்குறைய காலி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜிலேபி பெருகியது, ஆனால் பெருக்கவில்லை! விரல் நீளத்திலேயே வயிற்றில் முட்டை. பெண் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், அந்த நாட்களில் அநேகமாக எதுவும் தின்னாது. திரும்பத் திரும்ப முட்டை வைத்தால் உடம்பு எப்படி வளரும்? நெரிசல் வேறு. பாசியிலிருந்து புழு வரை அது எதையும் தின்னும் என்பதால் மற்ற மீன்களின் குஞ்சுகளுக்கும் இரை குறைகிறது.

இன்னொரு ஏரியில் கொஞ்ச காலம் மீன் பிடிக்காமல் விட்டார்கள். அங்கே ஆரஞ்சு நிறத்தில் விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போவதையும், தாய் தகப்பன் அடியில் காவல் நிற்பதையும் பார்த்தேன். அந்த வயதில் அவை தின்பதும் கட்லா தின்கிற அதே பொடிப் பூச்சிதான். பிறகு புழு பூச்சி, அப்புறம்தான் மீன். அவை வளர்ந்து ஜிலேபியைக் குறைத்தபின் எனக்கு மாட்டும் ஜிலேபிகள் உள்ளங்கையை நிறைத்தன. குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

*

ரொம்ப நன்றி, இருவருக்கும். வயசை எப்படி உறுதி செய்வது என்று தனியாகக் கேட்டவருக்கு: செதிலைக் கழுவி லென்ஸ் வழியாகப் பாருங்கள். வளர்ச்சி வேகமான காலத்தில் கோடுகள் தள்ளித் தள்ளியும், மந்தமான காலத்தில் நெருங்கியும் இருக்கும். குளிர்காலம் கடுமையான ஊர்களில் வருட வளையம் தெளிவாகத் தெரியும், வருடம் முழுக்கச் சூடான தண்ணீரில் அவ்வளவு நம்ப முடியாது. ஒரே மீனில் பல செதில்களை எடுங்கள். உதிர்ந்து மறுபடி முளைத்த செதிலாக இருந்தால் நடுவில் கோடே இருக்காது, அதை ஒதுக்கிவிடுங்கள்.