விஆர் கண்ணாடி போட்ட பிறகு வந்த கனவுகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

விஆர் கண்ணாடி (வேறோர் உலகத்துக்குள் நிற்பது போலவே காட்டும் மெய்நிகர் கண்ணாடி) போட்டால் கனவு மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். எனக்குத் தலைகீழாக நடந்தது. கண்ணாடியைக் கழற்றி இரண்டு நாள் கழித்து, கனவுதான் விஆர் மாதிரி வந்தது.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஈப்போவில் படிக்கும் அக்கா மகன் தீபாவளிக்கு வந்தபோது அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தான். எனக்கு முதலில் போட்டுக் காட்டியது கடலுக்கடியில் நீந்தும் விளையாட்டு. மீன், பவளம் எல்லாம் அழகுதான். ஆனால் மனதில் ஒட்டிக்கொண்டது என் கைகள். இரண்டும் மணிக்கட்டோடு நின்றுவிட்டன. குனிந்து பார்த்தால் வயிறு இல்லை, கால் இல்லை. நீல வெளிச்சத்தில் இரண்டு கைகள் மட்டும் மிதந்தன. பத்தே நிமிடத்தில் அதுவும் பழகிப்போனது.

இரண்டாம் நாள் இரவுக் கனவில் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். கனவில் நாம் எதையும் கேள்வி கேட்பதில்லை. இறந்துபோன தாத்தா தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், வாங்கிக் குடிப்போம். அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கோயில் மணியைத் தொடக் கையை நீட்டினேன். மணிக்கட்டோடு நின்றுபோன கை! இது அந்த விளையாட்டுக் கையாச்சே, இங்கே எப்படி வந்தது என்று உறுத்தியது. அந்த நொடியே, நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் கனவு கலையவில்லை. மண் பாதையும் செம்பருத்தி வேலியும் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் நின்று எல்லாவற்றையும் ஆசை தீரப் பார்த்தேன். அந்தக் கோயில் இருந்த இடத்தில் இன்று செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) நிற்கிறது.

கனவென்று தெரிந்தே காணும் கனவு வெறும் கற்பனை இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். தூங்குகிறவர், முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை காட்டினார். கை கால் அசையாத அந்தத் தூக்கத்திலும் கண் மட்டும் அசையும். அதனால்தான் சைகைக்குக் கண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை பார்த்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது அதிசயமாகவே தெரியவில்லை. "செம்பனை உதிரிப் பழம் பொறுக்குற புள்ளைங்க ராத்திரி கண்ண மூடினா பழமாத்தான் தெரியுதுன்னு சொல்லுவாங்க. எனக்கு வெட்டுப் பட்டையாத் தெரியும்" என்றார். இதுவும் ஆய்வில் வந்த விஷயம்தான். 2000இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டிக்கோல்டின் குழு 27 பேரை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்தது. அவர்களில் 17 பேருக்கு, தூக்கம் கண்ணைச் சொருகும்போது கட்டைகள் விழுவது தெரிந்தது. நினைவாற்றலை இழந்த ஐந்து பேரும் அந்த 27 பேரில் இருந்தார்கள். விளையாடியதே ஞாபகம் இல்லாத அவர்களிலும் மூன்று பேர் கட்டைகளைக் கண்டார்கள். நாம் மறந்ததையும் தூக்கம் எடுத்து வைத்திருக்கிறது. என் கையும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? அம்மாவும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அது தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன்.

---

பந்திங்கிலிருந்து எழுதுகிறேன், அக்கா. எனக்கு நடந்தது இவ்வளவு அழகானதல்ல.

நான் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். ஒரு விடுமுறை நாளில் பேய் விளையாட்டு ஒன்றை நள்ளிரவு வரை ஆடிவிட்டு அப்படியே படுத்தேன். விடியும் நேரத்தில் கண் திறந்துவிட்டது, உடம்பு அசையவில்லை. மார்பில் பாரம். அந்த விளையாட்டில் வந்த உருவம் கட்டில் ஓரத்தில் நின்றது. பாட்டி இருந்திருந்தால் அமுக்குவான் பேய் என்று சொல்லித் திருநீறு பூசியிருப்பார்.

இப்போது காரணம் தெரியும். கனவு ஓடும்போது மூளை தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. இல்லையென்றால் நாம் எழுந்து ஓடுவோம். கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். விஆரில் இதற்கு நேர் எதிர். எதையும் கட்டிப்போடுவதில்லை. அது விளையாட்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் கால் தானாகப் பின்வாங்கி அலமாரியில் போய் மோதினேன். மூளைக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை. குமட்டலும் அப்படித்தான்: பறக்கிறோம் என்று கண் சொல்லும், உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்லும்.

கெட்டதாகவே சொல்ல வரவில்லை, நான் இன்னும் விளையாடுகிறேன். ஆனால் படுக்கப் போகும் முன் பேய் விளையாட்டு வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

---

தாப்பாவிலிருந்து ஒரு ஆசிரியை. சின்ன வயதில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். மூச்சை இழுத்தால் தரையிலிருந்து எழும்புவேன், விட்டால் இறங்குவேன். கனடாவைச் சேர்ந்த சார் டேவிஸ் என்ற கலைஞர் 1995இலேயே ஆஸ்மோஸ் என்ற மெய்நிகர் படைப்பில் இதையே செய்திருக்கிறார் என்று படித்தபோது சிலிர்த்துப்போனேன். மார்பில் கட்டிய பட்டை மூச்சை அளக்கும். உள்ளிழுத்தால் மேலே போகலாம், வெளியே விட்டால் கீழே வரலாம். கையில் பொத்தான் எதுவும் கிடையாது. அவர் கடலில் முக்குளிப்பவர், அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்த யோசனை அது. இன்றைய விளையாட்டுகள் கையில் இரண்டு பொத்தானைக் கொடுத்துவிடுகின்றன. எனக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது. அம்மா கதையைச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

---

சொல்கிறேன். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தெரிந்தவர் ஒருவரின் சின்ன ரப்பர்த் தோட்டத்தில் அக்கா மகன் அதிகாலையில் சுற்றிலும் படம் பிடிக்கும் கேமராவை வைத்து எடுத்திருந்தான். அதைத்தான் அவருக்குப் போட்டுக் காட்டினோம்.

நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். அரை நிமிடம் பேச்சே இல்லை. பிறகு வலது கை மெல்ல நீண்டது. மரத்தில் தொங்கிய பால் கிண்ணத்தைத் தேடியது, விரல்கள் காற்றை வளைத்துப் பிடித்தன. "பட்டையை இவ்வளவு ஆழமா வெட்டிட்டானே, மரம் காயம் பட்டுரும் ஐயா" என்று பேரனிடம் சொன்னார். கழற்றியபோது கண்ணாடியின் ஓரம் நனைந்திருந்தது.

அம்மா இன்னொன்றும் சொன்னார். வேலைக்குப் போன காலத்தில் அவர் கனவே கண்டதில்லையாம். வேலையை விட்ட பிறகுதான் தினமும் வருகிறதாம். எனக்கு ஒன்று தோன்றுகிறது. கனவு மிகுந்த தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளும். அவரோ நான்கு மணிக்கே எழுந்து உலை வைத்து, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடியவர். வந்த கனவும் பாதியில் அறுந்திருக்கும், நினைவில் தங்க நேரமே இருந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து, கனவிலும் அந்த இடம் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு. ஆனா உங்க அப்பா பால் வாளி மாட்டுற காண்டாக் கம்பத் தோள்ல தூக்கிட்டு முன்னால போனாரு. கண்ணாடியில மரம் மட்டும்தானே நின்னுச்சு, ஆள் ஒருத்தரும் இல்லையே" என்றார்.

அடுத்த விடுமுறைக்கு அக்கா மகன் மறுபடி எடுக்கப் போகிறான். அம்மாவோடு மரம் வெட்டிய இரண்டு தோழிகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தலைவிளக்கு கட்டிக்கொண்டு இருட்டிலேயே தொடங்க வேண்டுமாம், பக்கத்து மர நிரையில் வாளிச் சத்தம் கேட்க வேண்டுமாம். பழைய இரும்பு வாளி ஒன்றை அம்மா இப்போதே தேடிக் கழுவி வைத்துவிட்டார்.