செராமாவுக்குச் சைக்கிளா, பஸ்ஸா?

செம்மண்சாலை: சனிக்கிழமை இரவு மலேசியாவின் சுங்கை சிப்புட் திடலில் தேர்தல் செராமா, அதாவது பிரசாரக் கூட்டம். ஆற்றோரக் காட்டை வெட்டுவதைப் பற்றி வேட்பாளரிடம் கேட்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு காரில் போய் இறங்கினால் கேள்விக்கு என்ன மதிப்பு? தோட்டத்திலிருந்து 12 கிலோமீட்டர்தான். சைக்கிளில் போவோம்.

ஆறாம் லயன்: தம்பி, கணக்குப் பாருங்க. போகவர 24 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கிற பஸ்ஸுக்கு 7 லிட்டர் சொச்சம் டீசல். லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ கரியமிலவாயு. 40 பேர் ஏறினால் தலைக்கு அரைக் கிலோகூட இல்லை. தனி ஆள் கார் எடுத்தால் 4 கிலோவைத் தாண்டும். காரை விடச் சொல்லுங்க, சரி. பஸ்ஸை ஏன் விடணும்? பாட்டிமார் எதில் வருவாங்க?

செம்மண்சாலை: 40 பேர் ஏறினால்தான் அந்தக் கணக்கு, அண்ணே. 15 பேரோடு ஓடினால் தலைக்கு 1.3 கிலோ. அதைவிடப் பெரிய சங்கடம், பஸ்ஸைப் பிடித்துத் தருவது கட்சி. ஏறும்போதே கையில் கொடி. இறங்கியதும் அவர்கள் கூட்டமாக எண்ணப்படுவோம். அப்புறம் எந்த வாயால் காட்டைப் பற்றிக் கேட்பது?

மட்டைமுள்: கொடி விஷயத்தில் செம்மண்சாலை சொல்வது நியாயம். ஆனால் இரவுச் சாலையை இருவருமே யோசிக்கவில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) லோரியிலிருந்து உதிரும் பழம் வளைவுகளில் நசுங்கி எண்ணெய்ப் பசையாகும். மழைத்தூறல் பட்டால் முன்சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள். வெட்டிப் போட்ட மட்டையின் முள் டயரைத் துளைத்து உள்ளேயே முறிந்து நிற்கும். டியூப்பை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர். டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவி, முள்ளைக் குறட்டால் பிடுங்கிய பிறகே புது டியூப். ஈரத்தில் பேட்ச் ஒட்டாது, ஆகவே ஆளுக்கு ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் நெம்பி, ஒரு பம்பு. பின்விளக்கைக் கேரியருக்குக் கீழே கட்டுங்கள். கேரியரில் வைத்த பை அதை மறைத்தால் லோரிக்காரருக்குத் தெரியாது.

ஆறாம் லயன்: இவ்வளவு ஆபத்து இருக்கும்போது சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து ஓட்டச் சொல்றீங்களா?

மட்டைமுள்: வேண்டாம். 2012 அமைதிப் பேரணிச் சட்டத்தைப் பாருங்கள். 15 வயதுக்குக் குறைந்தவர்களைப் பேரணிக்குக் கூட்டிப் போவதில் சிக்கல் உண்டு. பதாகையோடு முப்பது சைக்கிள் வரிசையாகப் போனால் போலீஸ் அதை ஊர்வலமாகவே பார்க்கலாம். மாவட்டப் போலீஸ் தலைவருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். இல்லையென்றால் பதாகையைச் சுருட்டி, ஐந்தைந்து பேராகப் போங்கள்.

செம்மண்சாலை: ஐந்தைந்து பேர், ஒத்துக்கொள்கிறேன். திடல் வாசலில் இறங்கித் தள்ள வேண்டும், பெடல் அடுத்தவர் கணுக்காலைக் கிழிக்கும். சட்டகத்தையும் சக்கரத்தையும் சேர்த்து வேலிக்குழாயில் பூட்டுங்கள்.

ஆறாம் லயன்: என் கருத்து மாறவில்லை. நாங்கள் பணம் போட்டு வாடகை பஸ் எடுக்கிறோம், கட்சிக் கொடி ஏறாது. கேள்வியை எழுதி இரண்டு பிரதி எடுங்க. உங்க பக்கம் மைக் வராவிட்டால் எங்க பக்கத்திலிருந்து கேட்போம்.